புகையும் இருதயமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது சங்க வெளியீட்டின் கடைசிப் பக்கத்தை எல்லோரும் படிப்பதுண்டு. கட்டுரைகளைப் புரட்டிவிட்டுப் போகிறவர்களும் அப்பக்கத்தில் சற்று நின்றே போகிறார்கள். நம்மவருள் காலஞ்சென்றோரின் பெயரும் ஊரும் அங்கே அச்சிடப்படுகின்றன. அவ்வனுதாபக் குறிப்புக்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருதலைப் பலரும் கவனித்திருக்கலாம். 'திடீரென' என்பதே அச்சொல். கடையில் கணக்கெழுதிக்கொண்டிருக்கையில் திடீரென மார்வலி கண்டார் என்றும், இராச்சாப்பாடு முடிந்து திண்ணையில் அமர்ந்தவர் திடீரெனச் சாய்ந்தார் என்றும் உறவினர் எழுதியனுப்புகின்றனர்; அவ்வண்ணமே அச்சாகின்றது. வயதைப் பார்த்தாலோ, பெண்ணுக்குக் கலியாணம் பேசவேண்டிய வயது. பிள்ளை இன்னும் கல்லூரியை விட்டு வெளிவராத வயது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அந்தத் 'திடீரென' என்னும் சொல்லைப் பற்றியதே. அச்சொல் பெரும்பாலும் அவ்விடத்துக்குப் பொருந்தாது என்பது நமது அபிப்பிராயம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக, நாள் தவறாமல், காசு கொடுத்து வாங்கி, நெருப்பிட்டு, உள்ளே இழுத்துச் சேர்த்துவைத்த ஒன்று ஒருநாள் வெளிப்படுமாயின், அதைத் திடீரென வந்ததென்று எங்ஙனம் கூறுவது?

மாரடைப்புக்குப் புகைபிடித்தல் ஒன்றே காரணமென்று நாம் வாதிக்க வரவில்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு மிகுதி, உழைப்பில்லாத உடம்பு, மனக்கவலை, குடும்பவழி ஆகிய இவையெல்லாம் உண்டு. 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளரை ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற 'இன்டர்ஹார்ட்' என்னும் ஆராய்ச்சி, இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்தது. அவ்வாராய்ச்சிப்படி, புகைப்பவர்க்கு மாரடைப்பு வரும் அபாயம் புகையாதவரினும் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே ஆராய்ச்சியிலிருந்து 2007-இல் வெளிவந்த மற்றொரு செய்தி நமக்கு இன்னும் நெருங்கியது. ஏனைய நாட்டினர்க்கு முதல் மாரடைப்புச் சராசரியாக 59 வயதளவில் வருகின்றது. இந்தியா முதலிய தென்னாசிய நாட்டினர்க்கோ 53 வயதிலேயே வந்துவிடுகின்றது. நீரிழிவையும் குடும்பவழியையும் நாம் நினைத்த மாத்திரத்தில் நீக்கிவிட இயலாது. கையிலிருக்கும் சிகரெட்டைக் கீழே போடுதல் இயலும். ஆதலின் அதனையே பேசப்புகுந்தோம்.

புகையிலை என்றதும் புற்றுநோயே எல்லோர்க்கும் நினைவுக்கு வருகின்றது. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முகத்தில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கவேண்டுமென்று நம் நாட்டுச் சட்டம் விதித்திருக்கின்றது. அப்படங்களைப் பார்த்துப் பழகிய நம்மவர், 'அந்நோய் வந்தால் கிழவயதில் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம்' என்று ஆறுதல் சொல்லிக்கொள்கின்றனர். இருதயமோ அவ்வாறு காத்திருப்பதில்லை. புகை அதைச் சென்று தாக்குவதும் விரைவு. புகையை நிறுத்தியபின் அது தேறத் தொடங்குவதும் விரைவு. இவ்விரண்டு விரைவையும் அறிந்துகொண்டால் இன்றைய பேச்சின் பெரும்பகுதி முடிந்தது போலத்தான்.

முதலில் தாக்கும் விதத்தைச் சொல்லுவோம். நாம் வைத்தியரல்லேம், கடை வைத்துப் பிழைப்பவர். ஆயினும் நம் சமூகத்து டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம்மவர் பேசும் பேச்சிலேயே சொல்ல முயல்வோம்.

நம்முடைய இருதயம் நிமிஷத்துக்கு 72 முறை துடிப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கின்றது. நாம் உறங்கும்போதும் அதற்கு உறக்கமில்லை. இவ்வளவு வேலை செய்கின்ற அத்தசைக்குத் தனக்கென்று இரத்தம் வேண்டுமன்றோ? அதன் மேலேயே படர்ந்து செல்லும் சிறு குழாய்கள் அவ்விரத்தத்தைக் கொணர்கின்றன. அக்குழாய்கள் மிகவும் ஒடுங்கியவை. அவற்றுள் ஒன்று அடைபட்டால் அது நீர்பாய்ச்சும் தசைப்பகுதி சாகத் தொடங்குகின்றது. இதனையே மாரடைப்பு என்கிறோம்.

இனி ஒருவர் டீக்கடை வாசலில் நின்று சிகரெட்டைப் பற்றவைக்கின்றார் என்று கொள்ளுங்கள். பத்து இருபது விநாடிக்குள் அப்புகையிலுள்ள நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. உடனே, பாம்பைக் கண்டு பதறியவர் உடலில் ஊறும் சுரப்பு அவருடலிலும் ஊறுகின்றது. நாடி விரைகின்றது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகின்றது. இருதயத்துக்கு வேலை மிகுகின்றது. வேலை மிகுந்தால் கூலியும் மிகவேண்டும். இங்கேயோ கூலி குறைகின்றது. எவ்வாறெனில், எரியும் புகையிலையினின்று கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு எழுகின்றது. நமது இரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அந்த வாயுவைப் பற்றிக்கொள்கின்றன. மூட்டை சுமக்கும் வண்டியில் சும்மா ஏறிக்கொண்டு இடத்தை அடைத்தவனைப் போல, அது பிராணவாயுவுக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றது.

இவை அந்த நேரத்துக்குரிய தீங்குகள். நாட்பட்ட தீங்கு வேறு. இரத்தக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய தோல் ஒன்று பளிங்கு போல வழுவழுப்பாக அமைந்திருக்கின்றது. புகையில் வரும் நஞ்சுகள் அத்தோலைப் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தில் கொழுப்புப் படிகின்றது. அதனோடு, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் பசைத்தன்மை மிகுந்து ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. படிந்த கொழுப்பின் மேல்மூடி ஒருநாள் வெடிக்கும், வெடித்த இடத்தில் இரத்தம் உறையும், குழாய் அடைபடும். அந்த நாளைத்தான் நாம் 'திடீரென' என்று எழுதுகின்றோம்.

நாளைக்கு ஒன்றிரண்டு பிடிப்பவர் இங்கே பலர் இருக்கின்றனர். அவர்கள், 'நாமென்ன பெட்டி பெட்டியாகவா பிடிக்கிறோம்?' என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஏழை வீட்டில் உப்பைக் குறைப்பது போல, நஞ்சையும் குறைத்தால் தீங்கும் அந்த அளவுக்குக் குறையுமென்று எவரும் எண்ணுவது இயல்பு. ஆனால் இருதயத்தின் கணக்கு அப்படியன்று. 141 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் ஒரு கணக்கு வெளியாயிற்று. நாளொன்றுக்கு 20 சிகரெட் பிடிப்பவர்க்கு இருதய நோய் விஷயத்தில் எவ்வளவு அபாயம் மிகுகின்றதோ, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவர்க்கும் அதில் ஏறக்குறைய பாதி மிகுகின்றது என்பது அக்கணக்கின் முடிபு. இருபதில் ஒரு பங்கு இருக்குமென்று நினைத்தோம், பாதி இருக்கின்றது. பத்தொன்பதைக் குறைத்தவர் பாதி தூரமே வந்திருக்கிறார். மிச்சப் பாதியும் அந்த ஒற்றைச் சிகரெட்டில் இருக்கின்றது.

'சிகரெட்டுத்தானே காகிதம்? நம்முடைய பீடி இலையாற் சுற்றியது; உடம்புக்கு ஒன்றும் செய்யாது' என்று சொல்லும் முதியோரும் உண்டு. நாம் முன் சொன்ன இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியின் புகையிலைப் பகுதி 2006-இல் தனியே வெளிவந்தது. அதில் பீடிக்கும் மாரடைப்பு அபாயம் மூன்று மடங்கை ஒட்டியே காணப்பட்டது. வாயில் அடக்கும் புகையிலைக்கு இரண்டு மடங்குக்கு மேல். புகைத்தலும் அடக்குதலும் இரண்டுமுடையார்க்கு நான்கு மடங்கு. வெற்றிலைப் பெட்டியில் புகையிலைத் துண்டு வைத்திருக்கும் தாய்மார்களும் இவ்விடத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலும், நம் நாடு முழுவதிலும் நிகழ்ந்த மரணங்களை வீடுவீடாக விசாரித்து 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, சிகரெட் பிடிக்கும் ஆண்மக்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளையும், பீடி பிடிக்கும் ஆண்மக்கள் சுமார் 6 ஆண்டு ஆயுளையும், பீடி பிடிக்கும் ஸ்திரீகள் சுமார் 8 ஆண்டு ஆயுளையும் இழக்கின்றனர் என்று கண்டது. ஒரு பீடியில் சிகரெட்டின் நாலிலொரு பங்களவே புகையிலை அடங்கியிருக்கின்றது. கால் பங்கு புகையிலையைக் கொண்டு ஆறாண்டைத் தின்னும் பொருளை 'ஒன்றும் செய்யாது' என்பது எவ்வாறு?

மற்றொருவர் எழுந்து, 'எங்கள் பெரிய பாட்டனார் தொண்ணூறு வயது வரை திண்டுக்கல் சுருட்டுப் பிடித்துத் திடகாத்திரமாக இருந்தாரே' என்பார். இருந்திருப்பார், மறுக்கவில்லை. அவரோடு சேர்ந்து சுருட்டுப் பிடித்துத் தம் ஐம்பதாவது வயதில் போனவர்கள் இன்று கூட்டத்துக்கு வந்து சாட்சி சொல்ல முடியாதன்றோ? ஆற்று வெள்ளத்தில் தப்பிக் கரையேறியவனைக் கேட்டு வெள்ளத்தின் ஆழத்தை முடிவுசெய்தல் ஆகாது. பலரைப் பலகாலம் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

அவ்வாறு பார்த்தவர்களுள் தலைசிறந்தவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் டால் என்னும் வைத்திய அறிஞர். அவருடைய வரலாறு சொல்லத் தகுந்தது. அவரும், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் கணித அறிஞரும் 1951-இல் அந்நாட்டு டாக்டர்கள் எல்லார்க்கும் கடிதமெழுதி, 'நீங்கள் புகைப்பதுண்டா?' என்று கேட்டார்கள். 34,439 ஆண் டாக்டர்கள் விடையளித்தனர். அந்த டாக்டர்களுள் எவரெவர் எப்போது எந்நோயால் இறந்தனர் என்று ஐம்பதாண்டுக் காலம் விடாமற் கணக்கெடுத்தனர். அக்காலத்தில் இங்கிலாந்தில் புகைபிடித்தல் மரியாதையான வழக்கம். அரசர் ஆறாம் ஜார்ஜே ஓயாது சிகரெட் பிடித்தவர், 1951-இல் அவருடைய நுரையீரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள், 1952 பிப்ரவரியில் உறக்கத்திலேயே இருதயக் குழாய் அடைப்பால் இறந்தார், வயது 56. டாலும் புகைத்துக்கொண்டிருந்தவரே. தம்முடைய ஆராய்ச்சியின் முதற் கணக்குகளைக் கண்ட மாத்திரத்தில் அவர் சிகரெட்டை விட்டொழித்தார். பின் 92 வயது வரை வாழ்ந்து 2005-இல் காலமானார். ஆராய்ச்சி தொடங்கி ஐம்பதாண்டு நிறைந்தபின் 2004-இல் அதன் முடிபைத் தாமே வெளியிடும் பேறும் அவருக்கு வாய்த்தது.

அந்த முடிபுதான் நமக்கு இன்று மிகவும் வேண்டுவது. புகைத்தலை விடாதவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தனர். 60 வயதில் விட்டவர் அதில் 3 ஆண்டை மீட்டனர். 50 வயதில் விட்டவர் 6 ஆண்டை மீட்டனர். 40 வயதில் விட்டவர் 9 ஆண்டை மீட்டனர். 30 வயதில் விட்டவர் ஏறத்தாழப் பத்தையும் மீட்டனர். 'இவ்வளவு காலம் பிடித்தாயிற்று. இனி விட்டு என்ன கண்டது?' என்று கேட்கும் அறுபது வயதுப் பெரியவர்க்கு மூன்றாண்டு காத்திருக்கின்றது. மூன்றாண்டென்றால் ஒரு பேரன் நடந்து பேசி மடியேறி விளையாடும் காலம்.

இருதயம் தேறும் கணக்கு இதனினும் விரைவானது என்றோம். கடைசிச் சிகரெட்டை அணைத்து இருபது நிமிஷத்தில் நாடி தணியத் தொடங்குகின்றது. ஓரிரு நாளில் கார்பன் மோனாக்ஸைடு இரத்தத்தை விட்டு நீங்குகின்றது. சில வாரங்களில் தட்டணுக்களின் பசைத்தன்மை குறைகின்றது. ஓராண்டு நிறையும்போது, புகைத்தலால் மிகுந்திருந்த இருதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி நீங்கிவிடுகின்றது என்று அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்ஜன் ஜெனரல் 1990-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. மற்றப் பாதி மெல்லத் தேய்ந்து, பதினைந்தாண்டளவில் என்றும் புகையாதவர் நிலையை நெருங்குகின்றது. நம் வியாபாரத்தில் ஓராண்டில் பாதிக் கடன் தீருமென்றால் எவர் வேண்டாமென்பார்?

ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். நோயாளரைக் காணும் பொருட்டு நாம் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி செல்வதுண்டு. அங்கே கண்ட காட்சி ஒன்று. நாற்பத்தைந்து வயதுடைய நம்மவர் ஒருவர்க்குக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வீடு திரும்பும் நாளில் மாத்திரைச் சீட்டை மனைவியார் கையிற் கொடுத்து, வேளை தவறாமல் எடுத்துத் தரும்படி பலமுறை சொன்னார். அத்துணை கவனமுடைய அவரே, மனைவியார் ஆட்டோ பிடிக்கப் போன சமயத்தில், எதிரேயிருந்த பெட்டிக்கடையிற் போய் நின்றார். இவர் போன்றார்க்காகவே ஒரு கணக்கு இருக்கின்றது. இருபது ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2003-இல் வெளியான அக்கணக்கின்படி, இருதய நோய் வந்தபின் புகைத்தலை விட்டவர்க்கு, விடாதவரைக் காட்டிலும் மரண அபாயம் நூற்றுக்கு 36 பங்கு குறைந்திருந்தது. காசு கொடாமற் கிடைக்கும் இம்மருந்தை வாங்க ஆளில்லை. ஸ்டென்ட் வைத்த குழாய் திறந்திருக்கலாம்; மற்றக் குழாய்களுக்குள்ளும் அதே புகைதானே போகின்றது?

பெண்டிரும் குழந்தைகளும் இதில் எங்கே வருகின்றனர் என்று கேட்கலாம். ஸ்காட்லாந்து நாட்டில் 2006 மார்ச் 26 முதல் மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடுக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் கடுமையான இருதயக் கோளாறால் வந்து சேர்ந்தவரை எண்ணினார்கள். அத்தொகை நூற்றுக்கு 17 பங்கு குறைந்தது. வியப்பு அதுவன்று. இவ்வாறு குறைந்தவருள் மூன்றில் இரண்டு பங்கினர் புகையாதவர். பிறர் விட்ட புகையால் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கக்கூடியவர் வராமற் போனார்கள் என்பது பொருள். நம் நாட்டிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் தடுக்கப்பட்டிருக்கின்றது. வீட்டுக் கூடம் பொது இடமன்று. அங்கே சட்டம் வாராது. முன்னறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுப் புகைக்கும் தகப்பனார், அப்புகையைத் தொட்டிலுக்கே விசிறிவிடுகின்றார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

விடவேண்டுமென்னும் எண்ணம் இல்லாதவர் குறைவு. விட முடியவில்லையே என்பவரே மிகுதி. இவர்களை உறுதியில்லாதவரென்று பழித்தல் அறியாமை. நிக்கோட்டின் மூளையைப் பழக்கிவிட்ட நஞ்சு. அது இல்லாதபோது எரிச்சலும், படபடப்பும், உறக்கக் கேடும், பசியும் உண்டாகின்றன. 'மனக்கவலை தீரவே பிடிக்கிறேன்' என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தீருகின்ற படபடப்பில் பெரும்பகுதி முந்திய சிகரெட்டினால் வந்ததே. விட்டுச் சில வாரங்கள் கழிந்தவர்க்குக் கவலையும் சோர்வும் முன்னிலும் குறைந்திருந்தன என்று 26 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகின்றது.

ஆதலால் விடுகின்றவர் முதல் மூன்று நாளையும் முதல் வாரத்தையும் பெரிதாக மதிக்கவேண்டும். துன்பம் மிகுவது அப்போதே. இரண்டு முதல் நான்கு வாரத்துள் பெரும்பாலும் தணிந்துவிடும். இடையிடையே எழும் ஆசை ஒவ்வொன்றும் சில நிமிஷமே நிற்கும். ஒரு செம்பு நீர் குடித்து, நாலு பேரோடு பேசி, தெருக்கோடி வரை நடந்து திரும்பினால் அது கடந்துபோகும். எந்த வேளையில் கை சட்டைப்பைக்குப் போகின்றதென்று முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். சிலர்க்குக் காலைக் காப்பியோடு. சிலர்க்குக் கடை சாத்தியவுடன். சிலர்க்குக் கடன்காரன் வந்துபோனபின். அவ்வேளைக்கு வேறொரு வேலையை ஏற்படுத்திக்கொள்வதே உபாயம். டீக்கடை நண்பர்களைச் சில வாரம் பிரிந்திருத்தல் துரோகமாகாது.

படிப்படியாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் விடுவதா என்று நம் கூட்டங்களில் விவாதம் நடப்பதுண்டு. இதனையும் இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்து 2016-இல் வெளியிட்டிருக்கின்றனர். குறித்த நாளில் அடியோடு விட்டவருள் நூற்றுக்கு 49 பேரும், இரண்டு வாரம் குறைத்துவந்து பின் விட்டவருள் நூற்றுக்கு 39 பேரும் நான்கு வாரத்துக்குப் பின் புகையாதிருந்தனர். ஆகவே நாளைக் குறித்துக்கொண்டு அடியோடு விடுதலே நன்று என்போம். ஒரு முறை தவறினால் எல்லாம் போயிற்றென்று எண்ணவேண்டா. பலரும் பலமுறை முயன்றே விட்டிருக்கின்றனர்.

நிக்கோட்டின் அடங்கிய மெல்லும் பசை மருந்துக்கடையில் கிடைக்கின்றது. அதை மிட்டாய் போலத் தொடர்ந்து மெல்லாமல், சற்று மென்று கன்னத்தில் ஒதுக்கி, மீண்டும் சற்று மெல்லுதல் வேண்டும். மாத்திரைகளும் உண்டு, அவற்றை டாக்டரைக் கேட்டே உண்ணவேண்டும். இருதய நோயுடையார் பசையையும் டாக்டரைக் கேட்டே மெல்லுதல் தகும். சர்க்கார் 1800-11-2356 என்னும் தொலைபேசி எண்ணை இதற்கென்றே ஏற்படுத்தியிருக்கின்றது, கட்டணமில்லை. அவ்வெண் சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றது. நஞ்சையும் நஞ்சுமுறிவையும் ஒரே உறையில் விற்கும் வியாபாரம் இதனையன்றி வேறுண்டோ அறியோம்.

உடல் பருக்குமென்னும் அச்சம் மெய்யே. முதலாண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுவதுண்டு. அந்த ஏற்றம் புகையை விட்ட நன்மையை அழித்துவிடுவதில்லை. நடந்தால் அதுவும் இறங்கும்.

மனைவிமார்க்கு ஒரு விண்ணப்பம். விட்ட முதல் வாரத்தில் வீட்டுத் தலைவர் கடுகடுவென்றிருப்பார், சாம்பாரில் உப்பில்லை என்பார், பிள்ளையை அதட்டுவார். அவ்வேளையில், 'இதற்கு அந்தச் சனியனையே பிடித்துத் தொலைக்கலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருள்ளம் காத்துக்கொண்டிருக்கும்.

இனி நமது சங்கத்துக்கே உரிய விஷயத்துக்கு வருவோம். இதனைச் சொல்லாமற் போனால் நாம் பேசியதெல்லாம் ஊரார்க்குச் சொன்னதாகுமேயன்றி நம்மவர்க்குச் சொன்னதாகாது.

நமது விவாகங்களில் தாம்பூலத் தட்டின் அருகே சிகரெட் தட்டு வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றது. சம்பந்தி வீட்டார்க்கு உயர்ந்தவகைச் சிகரெட் வைக்கவில்லையென்று மனஸ்தாபம் வந்ததையும் நாமறிவோம். துக்க வீட்டில் பந்தற்காலின் அடியிலே பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைக்கின்றோம். மாரடைப்பால் இறந்தவரின் பாடைக்கருகே அமர்ந்து, வந்தவரெல்லாம் புகைக்கின்றனர். இறந்தவரின் பதினாறு வயது மகனே கட்டைப் பிரித்து எல்லார்க்கும் நீட்டுகின்றான். இதில் மரியாதை எங்கே இருக்கின்றது? பையன்கள் முதற்புகையைக் கற்பது பெரும்பாலும் இவ்விரண்டிடத்திலே என்பது நமது எண்ணம். உபசாரத்துக்குரிய பொருளென்று அங்கேதான் அதற்கு ஒரு கௌரவம் கிடைக்கின்றது.

அடுத்தது கடை. இது சற்றுக் கூசும் விஷயம், ஆயினும் சொல்லவேண்டும். நம்மவருட் பலர் மளிகைக்கடையும் பெட்டிக்கடையும் வைத்துப் பிழைக்கின்றோம். இம்மண்டபத்தின் தூண்களுள் ஒன்றிலே புகையிலை வியாபாரம் செய்து பொருளீட்டிய நம் முன்னோர் ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவர் காலத்தில் இந்த ஆராய்ச்சிகள் இல்லை; அவர் தந்த பணத்தால் நம் குலத்துப் பிள்ளைகள் படித்தனர்; அவர் பெயரை நாம் நன்றியோடே சொல்லுவோம். தெரிந்தபின் நாம் செய்வதென்ன என்பதே கேள்வி. நமது கடையில் தந்தையார் காலந்தொட்டுச் சிகரெட் விற்பதில்லை. அதனாற் கடை மூடப்படவில்லை. ஆனால் ஒன்றும் குறையவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. சிகரெட் வாங்க வருபவன் கூடவே கடலைமிட்டாயும் சோப்பும் வாங்கிப்போவான். அந்த வாடிக்கை எதிர்க்கடைக்குப் போயிற்று. சிறு கடைக்காரர்க்கு அது பெரிய நஷ்டம். ஆகையால் எல்லோரும் நாளையே நிறுத்துங்கள் என்று கட்டளையிட நமக்கு மனம் வரவில்லை. சட்டம் சொல்லுகின்ற அளவாவது நிற்போம். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்க்கு விற்றலாகாது. கல்விச்சாலைக்கு 100 கஜத்துக்குள் விற்றலாகாது. 'அப்பாவுக்கு' என்று சொல்லிவரும் சிறுவனிடத்திலும் கொடுத்தலாகாது. கடையின் உத்தரத்தில் கயிற்று நெருப்பையோ லைட்டரையோ தொங்கவிடுதலை இன்றே நிறுத்தலாம். அதில் ஒரு காசு நஷ்டமுமில்லை.

வீட்டுக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். நாளொன்றுக்கு 50 ரூபாய் புகையில் விடுபவர் ஆண்டொன்றுக்கு 18,250 ரூபாய் விடுகின்றார். நமது சங்கத்துக் கல்வி நிதிக்கு ஆண்டுச் சந்தா கேட்டுப் போகும்போது, அவரே 'இம்மாதம் கை வறட்சி' என்கின்றார்.

ஆகவே இக்கூட்டத்தின் முன் நாம் வைக்கும் தீர்மானம் சிறியது. வரும் தை மாதம் முதல், நம் சங்க மண்டபத்தில் நடக்கும் விவாகத்திலும் மற்றச் சுபகாரியங்களிலும் சிகரெட் தட்டு வைத்தலாகாது. மண்டபத்தின் உள்ளே எவரும் புகைத்தலாகாது. துக்க வீட்டுக்குச் சங்கத்தின் சார்பில் நாம் அனுப்பும் சாமான்களில் பீடிக்கட்டு சேர்க்கப்படலாகாது. சம்பந்தி கோபித்துக்கொண்டால் சங்கத்தின் விதியென்று சொல்லிவிடலாம், பெண்வீட்டார்க்குப் பழியில்லை. இத்தீர்மானத்தை எதிர்த்துப் பேச விரும்புவோர் தாராளமாகப் பேசவேண்டும். பேசாமல் வாக்களித்துவிட்டு வெளியே போய்ப் பற்றவைப்பதைக் காட்டிலும் எதிர்த்துப் பேசுதல் மேலானது.

காரியதரிசியாரின் மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கின்றது. விட எண்ணுவோர் அதில் தாம் குறித்த நாளை எழுதலாம். பெயரெழுதக் கூசுபவர் நாளை மாத்திரம் எழுதினாற் போதும். நம் சமூகத்து டாக்டர்கள் இருவர் இரவு எட்டுமணி வரை பின்னறையில் இருப்பதாக வாக்களித்திருக்கின்றனர். முன்னமே மார்வலி கண்டவர்கள் தம்முடைய மாத்திரைச் சீட்டோடு அவர்களை முதலிற் பார்க்கட்டும். மற்றவர்கள் பின்னர்ச் செல்லலாம். இனி அக்கிராசனர் அவர்கள் தீர்மானத்தை வாசிப்பார்கள்.